வேலை நாட்காட்டியைப் பார்ப்பதும் பகிர்வதும்: மொரீசியஸ் திட்ட அலுவலகங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ட் லூயியிலும் எபேனிலும் திட்ட அட்டவணை தயாரிக்கும் நண்பர்கள் தொலைபேசியிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலோர் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் மென்பொருளையே பயன்படுத்துவதால் விடைகள் அதை ஒட்டியே அமைகின்றன. ப்ரைமவேரா பி6 என்ற மற்றொரு திட்ட அட்டவணை மென்பொருள் மாறுபடும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன். கட்டளைப் பெயர்கள் ஆங்கிலப் பதிப்பில் உள்ளவை. பிரெஞ்சுப் பதிப்பு வைத்திருப்பவர்கள் அதே இடங்களில் அவற்றைத் தேடினால் கிடைக்கும்.

வேலை நாட்காட்டி என்பதும் என் அவுட்லுக்கில் இருக்கும் காலண்டரும் ஒன்றுதானே?

இல்லை. அவுட்லுக்கில் இருப்பது யார் யாரை எப்போது சந்திக்கிறார்கள் என்ற குறிப்பு. வேலை நாட்காட்டியோ, எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வேலை நடக்கலாம் என்று மென்பொருளுக்குச் சொல்லும் விதி. ஒரு பணிக்கு 40 மணி நேரம் என்று நீங்கள் எழுதினால், அந்த மணிகளை எந்தெந்த நாள்களில் நிரப்புவது என்பதை இந்த விதியே முடிவு செய்கிறது.

ப்ராஜெக்டில் மூன்று நாட்காட்டிகள் ஆயத்தமாகவே வருகின்றன: ஸ்டாண்டர்ட், 24 ஹவர்ஸ், நைட் ஷிஃப்ட். இவை மூன்றிலும் விடுமுறை ஒன்றுகூடக் கிடையாது. தைப்பூசக் காவடி அன்று வேலை இருப்பதாக அட்டவணை காட்டினால், அதை யாரும் மென்பொருளுக்குச் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

காலண்டர் வியூவைத் திறந்து பார்த்தேன், பணிகள்தான் தெரிகின்றன. வேலை நேரம் எங்கே தெரியும்?

காலண்டர் வியூ என்பது பணிகளை மாதத் தாளில் அடுக்கிக் காட்டும் ஒரு தோற்றம் மட்டுமே. விதிகளைப் பார்க்க வேண்டுமானால் ப்ராஜெக்ட் தாவலில் உள்ள சேஞ்ச் வொர்க்கிங் டைம் என்ற பொத்தானை அழுத்துங்கள். மேலே உள்ள பட்டியலில் கோப்பில் உள்ள எல்லா நாட்காட்டிகளும், அவற்றோடு ஒவ்வொரு ரிசோர்ஸின், அதாவது பணிக்கு ஒதுக்கும் ஆள் அல்லது கருவியின், பெயரும் இருக்கும். திட்டம் முழுவதற்கும் பொருந்தும் நாட்காட்டியின் அருகில் ப்ராஜெக்ட் காலண்டர் என்று அடைப்புக்குள் எழுதியிருக்கும்.

அந்தச் சாளரத்தில் ஏதேனும் ஒரு தேதியைச் சொடுக்கினால், அன்றைய வேலை நேரமும் அந்த நேரம் எந்த விதியிலிருந்து வந்தது என்பதும் வலப்பக்கத்தில் தெரியும். பலர் கண்ணில் படாத அந்தச் சிறிய வரியைப் பார்த்தாலே பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும். விதிகளுக்குள் முன்னுரிமையும் உண்டு: எக்ஸெப்ஷன்ஸ் (விடுமுறை போன்ற விதிவிலக்கு நாள்கள்) தாவலில் எழுதியது முதலில், வொர்க் வீக்ஸ் (வார வேலை நேரம்) தாவலில் எழுதியது அடுத்து, வழக்கமான வாரம் கடைசியில்.

மொரீசியஸ் விடுமுறைகளை ஒரு முறை போட்டு, ஆண்டுதோறும் திரும்பும்படி வைத்துவிட்டால் போதுமா?

பாதிக்குத்தான் போதும். நம் நாட்டில் பொது விடுமுறைகள் ஆண்டுக்கு 15. அவற்றில் ஏழு தேதி மாறாதவை: ஜனவரி 1, ஜனவரி 2, அடிமை ஒழிப்பு நாளான பிப்ரவரி 1, சுதந்திர நாளான மார்ச் 12, மே 1, ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நாளான நவம்பர் 2, டிசம்பர் 25. இவற்றுக்கு ஆண்டுதோறும் திரும்பும் விதியைத் தாராளமாக வைக்கலாம். தைப்பூசக் காவடி, சீன வசந்த விழா, மகா சிவராத்திரி, உகாதி, ரமலான் பெருநாள், விநாயகர் சதுர்த்தி, தீபாவளி ஆகிய ஏழும் இடம் மாறுகின்றன; மென்பொருளில் உள்ள எந்தத் திரும்பும் விதியும் திதியையோ பிறையையோ அறியாது. மீதமுள்ள ஒன்று, ஆகஸ்ட் 15 அன்று வரும் விண்ணேற்பு விழாவுக்கும் நவம்பர் 1 அன்று வரும் அனைத்துப் புனிதர் விழாவுக்கும் இடையே ஓராண்டு விட்டு ஓராண்டு மாறி வரும்.

ஆகவே அரசு வெளியிடும் பட்டியலைப் பார்த்து, மாறும் விடுமுறைகளை ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியே எழுதுவதே சரி. பட்டியல் இன்னும் வராத ஆண்டுகளுக்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதலாம், ஆனால் பெயரோடு ‘உத்தேசம்’ என்று சேர்த்துவிடுங்கள். ரமலான் பெருநாள் பிறை தெரிவதைப் பொறுத்தது என்பதால், பட்டியல் வந்த பிறகும் அதற்கு அந்தச் சொல் இருப்பது நல்லது.

2026 பிப்ரவரி 1 அன்று காவடியும் அடிமை ஒழிப்பு நாளும் ஒன்றாக, அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தன. இப்படிப்பட்ட நாளுக்கு இரண்டு பெயர்களையும் சேர்த்து ஒரே பதிவாக எழுதினால் போதும். ஞாயிறு வேலை செய்யாத நாட்காட்டியில் அதனால் எந்தத் தேதியும் நகராது. ஏழு நாளும் இயங்கும் ஷிஃப்ட் நாட்காட்டியில் நகரும்.

எங்கள் அலுவலகத்தில் நாளுக்கு ஒன்பது மணி நேரம். பத்து நாள் வேலை ஒன்பதாம் நாளே முடிகிறதே, ஏன்?

தொழிலாளர் உரிமைச் சட்டம் 2019 இன்படி வழக்கமான வேலை வாரம் 45 மணி நேரம். ஐந்து நாள் வாரமானால் நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். நாட்காட்டியில் 8:00 முதல் 12:00 வரை, 12:30 முதல் 17:30 வரை என்று சரியாகவே எழுதியிருப்பீர்கள். ஆனால் ஒரு ‘நாள்’ என்பது எத்தனை மணி நேரம் என்பதை மென்பொருள் நாட்காட்டியிலிருந்து எடுப்பதில்லை. ஆப்ஷன்ஸில் ஷெட்யூல் என்ற பகுதியில் இருக்கும் தனி எண்ணிலிருந்துதான் எடுக்கிறது, அங்கே தொடக்கத்தில் இருப்பது எட்டு. பத்து நாள் என்று நீங்கள் எழுதினால் அது 80 மணி நேரமாகிறது. நாளுக்கு ஒன்பது மணி வீதம் நிரப்பினால் ஒன்பதாம் நாள் மாலை 16:30க்கு முடிந்துவிடுகிறது.

அந்த எண்ணை ஒன்பதாகவும் வாரத்துக்கு 45 ஆகவும் மாற்றுங்கள். அதே பக்கத்தில் உள்ள தொடக்க நேரம், முடிவு நேரம் ஆகியவற்றையும் நாட்காட்டியோடு பொருந்த வையுங்கள். இதைத் திட்டத்தின் முதல் நாளே செய்துவிட வேண்டும். பணிகளை எழுதிய பிறகு மாற்றினால், உள்ளே மணிக்கணக்கில் பதிவான கால அளவுகள் 8.89 நாள் என்பது போன்ற பின்னங்களாகத் தெரியத் தொடங்கும்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. அதை எப்படிக் காட்டுவது?

வொர்க் வீக்ஸ் தாவலில் டீஃபால்ட் வரிசையைத் திறந்து, சனிக்கிழமைக்கு மட்டும் நேரத்தை எழுதுங்கள். வார நாள்களில் 7:30–12:00, 12:30–16:00 என்று எட்டு மணி நேரமும், சனிக்கிழமை 7:30–12:30 என்று ஐந்து மணி நேரமும் வைத்தால் மொத்தம் 45 வந்துவிடும். இங்கே ‘நாள்’ எட்டாகவே இருக்கட்டும். சனிக்கிழமை தொடங்கும் ஒரு நாள் பணி அன்று ஐந்து மணி நேரமும் திங்கள் காலை மூன்று மணி நேரமும் எடுத்து 10:30க்கு முடியும். பார்க்க விநோதமாக இருந்தாலும் கணக்கு சரிதான்.

இதே தாவல் பருவ வேலைக்கும் உதவும். சர்க்கரை ஆலைகளில் ஏறத்தாழ ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டுக் காலத்தில் ஷிஃப்ட் முறையும், மற்ற மாதங்களில் பழுதுபார்ப்புக்கான சாதாரண நேரமும் இருக்கும். தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கொடுத்து ஒரு தனி வேலை வாரத்தை எழுதிவிட்டால், இரண்டு நாட்காட்டிகளை மாற்றி மாற்றிப் போட வேண்டிய அவசியமே இராது.

விடுமுறையை எழுதிவிட்டேன், ஆனாலும் அன்று வேலை நடப்பதாகக் காட்டுகிறது. மென்பொருளில் கோளாறா?

நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். கோளாறு இல்லை. ‘மொரீசியஸ் தளம்’ என்று ஒரு நாட்காட்டியை உருவாக்கி, ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷனில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு பணிக்கு ஆளை ஒதுக்கிய உடனே, அந்தப் பணி திட்ட நாட்காட்டியை விட்டுவிட்டு அந்த ஆளின் நாட்காட்டியைப் பின்பற்றும். அந்த ஆளின் அடிப்படை நாட்காட்டி இன்னும் ஸ்டாண்டர்டாகவே இருந்தால், காவடி அன்றும் அவர் வேலைக்கு வருவார்.

ரிசோர்ஸ் ஷீட்டில் பேஸ் காலண்டர் என்ற பத்தியைப் பாருங்கள். ஒருவருக்கு மாற்றி, மற்றவர்களுக்கு அதையே கீழே இழுத்து நிரப்பிவிடலாம். பிறகு ஒரு சோதனை: 2026 மார்ச் 11, புதன்கிழமை தொடங்கும் இரண்டு நாள் பணி ஒன்றை எழுதி, அதற்கு ஓர் ஆளை ஒதுக்குங்கள். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை முடிந்தால் நாட்காட்டி சரி. 12ஆம் தேதியே முடிந்தால் சுதந்திர நாள் அந்த ஆளின் நாட்காட்டியில் இல்லை. சோதனை முடிந்ததும் அந்தப் பணியை நீக்கிவிடுங்கள்.

தேதிகள் சரியாக இருக்கின்றன, ஆனால் படத்தில் சனிக்கிழமை சாம்பல் நிறமாகவே இருக்கிறது?

கான்ட் படத்தில், அதாவது பணிகளைக் காலக்கோட்டில் பட்டைகளாகக் காட்டும் படத்தில், வேலையில்லா நாள்களைக் குறிக்கும் நிழல் தனியே ஒரு நாட்காட்டியைப் பார்த்து வரையப்படுகிறது. கால அளவுகோலை இருமுறை சொடுக்கி, நான்-வொர்க்கிங் டைம் தாவலில் உங்கள் நாட்காட்டியைத் தேர்ந்தெடுங்கள். மாத அளவில் சுருக்கிப் பார்த்தால் நிழல் தெரியாது, அதற்காகப் பதற வேண்டாம்.

என் காலண்டரை வேறோர் அலுவலகத்தில் இருப்பவருக்கு எப்படி அனுப்புவது?

திட்டக் கோப்பையே அனுப்புவதானால் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. நாட்காட்டிகள் கோப்புக்குள்ளேயே போகும், பெறுபவர் கணினியிலும் அவைதான் செல்லுபடியாகும். நாட்காட்டி மட்டும் வேண்டுமென்றால், அது மட்டும் உள்ள ஒரு வெற்றுத் திட்டக் கோப்பை உருவாக்கி அனுப்புங்கள். பெறுபவர் அதையும் தம் கோப்பையும் ஒருசேரத் திறந்து, ஃபைல், இன்ஃபோ வழியாக ஆர்கனைசருக்குச் சென்று, காலண்டர்ஸ் தாவலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்க வேண்டும்.

அதே இடத்தில் குளோபல் வார்ப்புருவுக்கு நகலெடுத்தால், அந்தக் கணினியில் இனி உருவாகும் கோப்புகள் எல்லாவற்றிலும் அந்த நாட்காட்டி கிடைக்கும். ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கு அது போய்ச் சேராது. நகலெடுத்தல் என்பது அந்த நேரத்து நிலையை எடுத்துச் செல்வது மட்டுமே, இரண்டுக்கும் இடையே தொடர்பு எதுவும் நிலைக்காது என்பதை நினைவில் வையுங்கள். தீபாவளித் தேதியைப் பிறகு நீங்கள் திருத்தினால் மறுபடியும் அனுப்பத்தான் வேண்டும்.

ப்ராஜெக்ட் சர்வர் உள்ள நிறுவனங்களில் நிலை வேறு. அங்கே நிர்வாகி வைத்திருக்கும் நிறுவன நாட்காட்டிகளே எல்லோருக்கும் வருகின்றன; அவர் அனுமதித்தால்தான் நீங்கள் சொந்தமாக ஒன்றை வைத்துக்கொள்ள முடியும்.

இரண்டு பேரும் ஸ்டாண்டர்ட் காலண்டர்தான் வைத்திருக்கிறோம். முடிவுத் தேதி மட்டும் ஏன் வேறு வேறாக வருகிறது?

பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு. நீங்கள் ஸ்டாண்டர்டுக்குள் மொரீசியஸ் விடுமுறைகளை எழுதியிருப்பீர்கள். அவர் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனின் விடுமுறைகளை எழுதியிருப்பார். பிரெஞ்சுப் பதிப்பிலும் அந்த நாட்காட்டியின் பெயர் ஸ்டாண்டர்ட்தான் என்பதால் குழப்பம் இன்னும் எளிதாகிவிடுகிறது. ஆர்கனைசரில் நகலெடுக்கும்போது, அதே பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றி எழுதட்டுமா என்று கேட்கும்; யோசிக்காமல் சரி என்று சொன்னால் ஒருவருடைய விடுமுறைகள் மறைந்துபோகும்.

என் கருத்தில், ஸ்டாண்டர்டை ஒருபோதும் தொடக்கூடாது. உங்களுக்குரிய நாட்காட்டிக்கு இடம், வேலை நேரம், ஆண்டு ஆகியவை தெரியும்படி ‘மொரீசியஸ் தளம் 45 மணி 2026’ போன்ற பெயரைக் கொடுங்கள். அதைத் திருத்தும் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்கட்டும், மற்றவர்கள் அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளட்டும்.

வாடிக்கையாளரிடம் மென்பொருளே இல்லை. பிடிஎஃப் அனுப்பினால் போதாதா?

பிடிஎஃபில் போவது நிழல் மட்டுமே, விதிகள் போவதில்லை. ஆகவே விடுமுறைப் பட்டியலையும் வார வேலை நேரத்தையும் ஒரு தனிப் பக்கத்தில் எழுதி அட்டவணையோடு இணைத்துவிடுங்கள். டிசம்பர் இறுதியில் தளத்தை மூடும் வழக்கம் உங்கள் நிறுவனத்தில் இருந்தால், அந்த நாள்களையும் அதில் குறிப்பிடுங்கள். பிற்பாடு எழும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி அந்த நாள்களைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

மேலாளர் தம் ஆட்கள் எல்லோருடைய விடுப்பையும் காலண்டரில் போடச் சொல்கிறார். போடலாமா?

தேதியைப் போடலாம், காரணத்தைப் போடக்கூடாது. பொங்கலும் ஏப்ரல் 14 அன்று வரும் வருஷப் பிறப்பும் பொதுவிடுமுறைப் பட்டியலில் இல்லாததால், அன்று விடுப்பு எடுப்பவர்களுக்கு அவரவர் ரிசோர்ஸ் நாட்காட்டியில் தனியே எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதிவுக்கு ‘விடுப்பு’ என்ற பெயரே போதும். அறுவை சிகிச்சை, மகப்பேறு என்றெல்லாம் எழுதினால், கோப்பு செல்லும் இடமெல்லாம் அந்தச் செய்தியும் செல்லும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2017 உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் பாதுகாப்பு அளிக்கிறது. வெளியாருக்கு அனுப்பும் பிரதியில் ஆட்களின் பெயர்களுக்குப் பதிலாகக் ‘கொத்தனார் குழு 1’ என்பது போன்ற பெயர்கள் இருப்பது இன்னும் நல்லது.

ப்ரைமவேராவில் இருந்து வந்த கோப்பைத் திறந்ததும் என் பட்டியலில் தெரியாத காலண்டர்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. என்ன செய்வது?

பி6 மென்பொருளில் நாட்காட்டிகள் மூன்று வகை: எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான குளோபல், ஒரு திட்டத்துக்கு மட்டும் உரியது, ரிசோர்ஸுக்கு உரியது. பி6 திட்டங்களை அனுப்பப் பயன்படும் எக்ஸ்இஆர் (XER) கோப்பை உள்ளே கொண்டுவரும்போது அதில் பயன்பட்ட குளோபல் நாட்காட்டிகளும் உங்கள் தரவுத்தளத்துக்குள் வந்துவிடும். அதைவிட ஆபத்தானது, அதே பெயரில் உங்களிடம் உள்ளதைப் புதுப்பிக்கும்படி அமைப்பு இருந்தால், உங்கள் மற்றத் திட்டங்களும் அடுத்த முறை கணக்கிடும்போது நகர்ந்துவிடும். எனவே அனுப்புபவர் தம் நாட்காட்டியைத் திட்ட நாட்காட்டியாக மாற்றி அனுப்ப வேண்டும். பெறுபவர் முதலில் சோதனைத் தரவுத்தளம் ஒன்றில் திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மேலே சொன்னபடி ப்ராஜெக்டில் ஆளை ஒதுக்கினாலே அவர் நாட்காட்டி செல்லுபடியாகிறது. பி6இல் டாஸ்க் டிபெண்டன்ட் என்ற வகைப் பணி தன் சொந்த நாட்காட்டியையே பின்பற்றும். ரிசோர்ஸ் டிபெண்டன்ட் என்று மாற்றினால்தான் ஆளின் நாட்காட்டிக்குப் போகும்.

கான்கிரீட் இறுக ஏழு நாள் என்று 24 மணி நேரக் காலண்டரில் போட்டேன். இரண்டரை நாள்கூட ஆகாமல் முடிந்துவிட்டது!

ஒன்பது மணி நேரக் கேள்வியில் பார்த்த அதே எண் இங்கே வேறு வேடத்தில் வருகிறது. ஒரு நாள் எட்டு மணி நேரம் என்று அமைப்பு இருந்தால் ஏழு நாள் என்பது 56 மணி நேரம். இரவு பகலாக ஓடும் நாட்காட்டியில் அது இரண்டு நாள் எட்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஈரப்பதம் காக்கும் ஏழு நாள் காகிதத்தில் காணாமல் போகும். ப்ராஜெக்டில் கால அளவை 7இடி (7ed) என்று, அதாவது நாள் குறிக்கும் எழுத்துக்கு முன் இ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து எழுதினால், எந்த நாட்காட்டியையும் பாராமல் முழு ஏழு நாளும் எண்ணும். பி6இல் அந்த வசதி இல்லாததால், 24 மணி நேர நாட்காட்டிக்கு ஒரு நாள் 24 மணி என்று அந்த நாட்காட்டியிலேயே அமைத்து, அதையே பயன்படுத்தும்படி நிர்வாக அமைப்பிலும் குறிக்க வேண்டும்.

இரவு வேலைக்கு நைட் ஷிஃப்ட் காலண்டர் கொடுத்தேன். போதிய பொது நேரம் இல்லை என்று எச்சரிக்கை வருகிறதே?

பணிக்கு ஒரு நாட்காட்டியும் ஆளுக்கு வேறொரு நாட்காட்டியும் இருந்தால், இரண்டிலும் பொதுவாக உள்ள நேரத்தில் மட்டுமே ப்ராஜெக்ட் வேலையை வைக்கும். நைட் ஷிஃப்ட் இரவு 23:00க்குத் தொடங்கிக் காலை 8:00க்கு முடிகிறது, ஆளின் நாட்காட்டியோ 8:00க்குத்தான் தொடங்குகிறது. பொது நேரமே இல்லை. இரவில் வேலை செய்யும் குழுவுக்கு அதே நாட்காட்டியைக் கொடுப்பது நேர்மையான தீர்வு. பணியின் விவரத்தில் ஆட்களின் நாட்காட்டியைப் புறக்கணிக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதைக் குறித்தால் எச்சரிக்கை போய்விடும், ஆனால் அதோடு அவர்களுடைய விடுப்புகளும் கணக்கிலிருந்து போய்விடும்.

சூறாவளிக்கு முன்கூட்டியே விடுமுறை போட்டு வைக்கலாமா?

வேண்டாம். சூறாவளிப் பருவம் நவம்பர் தொடக்கம் முதல் மே நடுப்பகுதி வரை நீள்கிறது. அதில் எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. வராத நாளை விடுமுறை என்று எழுதினால் அட்டவணை பொய் சொல்லும். அதற்குரிய நாள்களை, முக்கிய மைல்கற்களுக்கு முன் ‘வானிலை ஒதுக்கீடு’ என்ற தனிப் பணியாக வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும்.

வந்த பிறகு எழுதுவது வேறு. 2024 ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளி தலைநகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது போல் ஒரு நாள் வந்தால், தளக் குழுவின் நாட்காட்டியில் அதை எக்ஸெப்ஷனாக எழுதுங்கள். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை காலை 11:00க்கு வெளியானால் முழு நாளையும் அடிக்காமல், விவரப் பொத்தானை அழுத்தி 7:30–11:00 என்று வேலை நேரத்தைக் கொடுக்கலாம். முடிந்த பணிகளின் கால அளவு மாறித் தெரியக்கூடும் என்பதால், முதலில் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். பேஸ்லைனில், அதாவது தொடக்கத்தில் சேமித்து வைத்த மூலத் திட்டத்தில், பதிவான தேதிகள் நகராது. தாமதக் கோரிக்கைக்கு உங்கள் கையில் இருக்கும் சான்றும் அதுதான்.

எங்கள் வரைபடக் குழு சென்னையில், ஒரு துணை ஒப்பந்ததாரர் ரெயூனியோனில். ஒரே காலண்டரில் எல்லோரையும் அடக்க முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். இடத்துக்கு ஒன்றாக மூன்று நாட்காட்டிகள் வைத்து, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுங்கள். ரெயூனியோனுக்கும் நமக்கும் நேரம் ஒன்றுதான் என்றாலும், ஜூலை 14, டிசம்பர் 20 போன்றவை அவர்களுக்கு மட்டுமே விடுமுறை. நம் காவடியன்று அவர்கள் வேலை செய்வார்கள்.

சென்னை நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ப்ராஜெக்டின் மேசைப் பதிப்புக்கோ நேர வலயம் என்ற ஒன்றே தெரியாது. அங்கே 9:00 முதல் 18:00 வரை என்றால், நம் கோப்பில் 7:30 முதல் 16:30 வரை என்று மாற்றி எழுத வேண்டும். நாள் கணக்கிலான பணிகளுக்கு இது பெரிதாகத் தெரியாது. மாலை 17:00க்கு வரைபடத்தை அனுப்பிவிட்டு அன்றே திருத்தம் தொடங்கும் என்று எதிர்பார்க்கும் இடத்தில்தான் ஒரு முழு நாள் நழுவும்.

பாதித் திட்டம் முடிந்தபின் அடுத்த ஆண்டு விடுமுறைகளைச் சேர்த்தால் எல்லாம் நகர்ந்துவிடுமே?

மீதமுள்ள பணிகள் நகரும், நகரத்தான் வேண்டும். சேர்ப்பதற்கு முன் முடிவுத் தேதியைக் குறித்துக்கொண்டு, சேர்த்தபின் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, அந்த வேறுபாட்டை விடுமுறையால் வந்தது என்று மாத அறிக்கையில் தனியே எழுதிவிடுங்கள். மற்றத் தாமதங்களோடு அது கலந்துபோனால் பிறகு பிரிக்க இயலாது. சேர்த்த நாட்காட்டிக்குப் புதிய ஆண்டுப் பெயரைக் கொடுத்து, முன்பு பெற்ற எல்லோருக்கும் அதே நாளில் மறுபடியும் அனுப்புங்கள்.